அமாவாசை ஏப்பம்

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். எனக்கு மூன்று வேளையும் தட்டாமல் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆகவே இதை நிஜம் என்றே வைத்துக்கொண்டு கேளுங்கள்.

சிந்தாமணிக்குறிச்சியில், வெள்ளிக்கிழமையானால் வெங்காயம்கூட வாசலில் நின்று அனுமதி கேட்டுவிட்டு உள்ளே வருகிற எங்கள் சைவத் தெருவில், ஒரு தை அமாவாசை உச்சிப்பொழுதில், காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு, அது எப்போது வந்து கொத்தும், நாம் எப்போது இலை போடலாம் என்று ஆண் பெண் அத்தனை பேரும் மொட்டைமாடியில் பசியோடு அண்ணாந்து நின்றிருந்த நேரத்தில், நெய்க்கடை தெய்வநாயகம் வீட்டு நடுக்கூடத்தில் தனியாகப் பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்த சிலம்பு என்கிற ஆறு வயதுப் பெண், காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீருக்கு மேல் எதையும் தொடாத பெண், ஓர் ஏப்பம் விட்டாள். அந்த ஏப்பம் கூடத்தைக் கடந்து, படியிறங்கி, தெருவுக்கு வந்து, ஒவ்வொரு வாசலிலும் நின்று நலம் விசாரித்துக்கொண்டு கோயில் மதில்வரைக்கும் போனது. நெத்திலிக் கருவாட்டு வாசனை. நெத்திலிதான் என்று எங்கள் தெருவுக்கு எப்படித் தெரிந்தது என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லாருக்கும் தெரிந்தது.

"சாப்பிட வாட்டி" என்று தெய்வநாயகத்தின் மனைவி உமையாள் கூப்பிட்டதற்கு, "வயிறு நெறஞ்சிருக்கு அத்தை" என்றாள் சிலம்பு.

இந்தச் சிலம்பு தெய்வநாயகமும் உமையாளும் பெற்ற பெண் இல்லை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஒன்பது கோயில் சுற்றிவிட்டு ஊர் திரும்பிய ஒரு சுற்றுலா வேனில், பின்சீட்டுக்குப் பின்னால், அண்டாவுக்கும் ஜமுக்காளத்துக்கும் நடுவில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை அவள். எந்தக் கோயிலில், எந்தக் கூட்டத்தில் ஏறினாள் என்று வேனில் வந்தவர்களுக்குத் தெரியவில்லை. போலீஸ்காரர் மிட்டாய் கொடுத்துக் கேட்டபோது, பேர் சிலம்பு என்றாள். அப்பா பேர்? அப்பா. அம்மா பேர்? அம்மா. ஊர்? எங்க ஊரு. காணாமல்போன குழந்தைகள் என்று எங்கெங்கோ எழுதியிருந்த புகார்களில் எதுவும் இவளோடு பொருந்தவில்லை. ஓர் இல்லத்தில் ஒன்றரை வருஷம் இருந்தாள். அங்கே அறுபது பிள்ளைகள். அறுபது ஏப்பத்தில் ஓர் ஏப்பத்தை யார் கவனிப்பார்கள்? அங்கிருந்து ஒரு மார்கழியில், வளர்ப்புப் பிள்ளை என்ற முறையில், உமையாள் வீட்டுக்கு வந்தாள்.

கொண்டுவந்து விட்டவர் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் ஜெபரத்தினம் மேடம். கடற்கரைக்காரி, சிரித்த முகம், சந்தேகப்படுகிற கண். "இது தத்து இல்லை. பெத்தவங்க கிடைச்சா அனுப்பிடணும். அதனால அம்மான்னு கூப்பிடப் பழக்காதீங்க. அந்த இடம் காலியா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து உமையாள் அத்தை ஆனாள். நாற்பத்திரண்டு வயதில் ஒருத்திக்குப் பிள்ளையும் கொடுத்து அந்தப் பிள்ளையின் வாயையும் கட்டி வைத்தால் அவள் என்ன செய்வாள்? அந்த இடம் காலியாகவே இருக்கட்டும், யாரும் வராமல் இருக்கட்டும், கடைசியில் நான் போய் உட்கார்ந்துகொள்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள்.

ஏப்பத்துக்கு வருகிறேன். அன்றைக்கே தெருச் சங்கத் தலைவர் பிறவிப்பெருமாள் வீடு வீடாக அடுக்களை பார்க்கப் புறப்பட்டார். தன் நிழல் பின்னால் வந்தால்கூட 'எதுக்குவே வாறீரு' என்று நின்று கேட்கிற மனுஷன்.

"யாரு வீட்டுலவே பொரிச்சுது?"

"என்னைப் பாத்தா கேக்கீரு?"

"போன வாரம் தூத்துக்குடி போனீரே."

"போனது மச்சினன் கலியாணத்துக்கு."

"பந்தியில என்ன?"

இப்படி ஒருவர் வாயை ஒருவர் மோந்து பார்க்காத குறையாக ஒரு மாதம் போனது. மாசி அமாவாசை வந்தது. அதே உச்சிப்பொழுது, அதே நடுக்கூடம். இந்தத் தடவை இறால் வடையும் அவித்த முட்டையும். தெரு, சங்கக் கட்டடத்துக்கு உமையாளையும் தெய்வநாயகத்தையும் கூப்பிட்டது.

உமையாளுக்கு முதல் ஏப்பத்திலேயே விளங்கிவிட்டது. காக்கைக்குச் சோறு வைக்கிற அதே நேரத்தில் ஒரு பிள்ளைக்கு வயிறு நிறைகிறது என்றால், எங்கேயோ ஒருத்தி அந்தப் பிள்ளைக்கு இலை போட்டுப் படைக்கிறாள். செத்தவர்களுக்குப் படைக்கிற படையல். ஆக எங்கேயோ ஒரு தாய் இருக்கிறாள், பிள்ளை செத்துப்போனதாக நம்பிக்கொண்டு அதற்குப் பிடித்ததையெல்லாம் அமாவாசைக்கு அமாவாசை ஆக்கி வைக்கிறாள், அது இங்கே வந்து சேர்கிறது. இதில் உமையாளுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. படைத்தது போய்ச் சேரும் என்றுதானே நாமும் படைக்கிறோம். அவளுக்கு வந்தது பயம். இந்தச் சங்கதி வெளியே போனால் ஜெபரத்தினம் மேடம் தேட ஆரம்பித்துவிடுவார்.

ஆகவே சபை நடுவில் நின்று, பரம்பரை பரம்பரையாகக் கத்தரிக்காய்க் காம்பைத் தவிர வேறெதன் கழுத்தையும் அறுத்திராத குடும்பத்தில் பிறந்த உமையாள், "நான்தான் வாங்கிக் குடுத்தேன். பிள்ளை ஏங்கிச்சு" என்று சொல்லிவிட்டாள்.

தெய்வநாயகம் மனைவியைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குக் கோயில் சுண்டல் வரவில்லை. 'கருவாட்டுக் கை உருக்கின நெய்' என்று பேராகி, நெய்க்கடையில் ஈ மட்டும் வாடிக்கையாக வந்துபோனது. உமையாள் கோலம் போட்டால் பக்கத்து வீட்டுக்காரி தன் கோலத்தை ஒரு சாண் தள்ளிப் போட்டாள். அத்தனையையும் உமையாள் வாங்கிக்கொண்டாள். போதாததற்குத் தெருவிலிருந்து யாரோ பேர் போடாமல் ஒரு மனு தட்டிவிட, ஜெபரத்தினம் மேடம் ஜீப்பில் வந்து இறங்கினார்.

"கருவாடு குடுத்தது தப்பே இல்லம்மா. நல்ல சத்து. எங்க வாங்கினீங்க?"

"சந்தையில."

"எவ்வளவு வாங்கினீங்க?"

உமையாள் ஒரு நொடி யோசித்தாள். "கால் லிட்டர்."

மேடம் சிரிப்பை அடக்க முடியாமல் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிலம்பின் நகம், தலை, எடை, பள்ளிக்கூட வருகை எல்லாம் பார்த்தார். புறப்படும்போது, "பிள்ளை நல்லா இருக்கா. நீங்க எதையோ மறைக்கிறீங்க. ஆனா அது கருவாடு இல்லை" என்றார். ஜன்னலுக்கு வெளியே வேப்பங்குச்சியால் பல் விளக்குவதுபோல நின்றிருந்த பிறவிப்பெருமாளும் அதைக் கேட்டார்.

பங்குனி அமாவாசைக்குத் தெருவே உமையாள் வீட்டுக்குக் காவல் வந்துவிட்டது. சிலம்பை நடுவில் உட்காரவைத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, பாவாடை மடியை உதறச் சொல்லிப் பார்த்து, சுற்றி வட்டமாக உட்கார்ந்தோம். அடுக்களை பூட்டி, சாவி பிறவிப்பெருமாள் பூணூலில் தொங்கியது. உச்சிப்பொழுது வந்தது. சிலம்பு கன்னத்தை உப்பினாள், மென்றாள், முள்ளை எடுப்பதுபோல உதட்டிலிருந்து இரண்டு விரலால் எதையோ எடுத்து ஓரமாக வைத்தாள், விழுங்கினாள், கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். அப்புறம் ஏப்பம்.

"என்ன மீனு?" என்று யாரோ கேட்டார்கள்.

"கெண்டை" என்றாள் சிலம்பு.

"ஆத்து மீனு" என்றார் பிறவிப்பெருமாள், கண்ணை மூடிக்கொண்டு. பிறகு கண்ணைத் திறந்தார். "சாப்பாடு வாறது சரி. அது வரும். யாரு போடுதா?"

பதில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அன்று முதல் தெரு இரண்டாகப் பிரிந்தது. படைக்கிறவள் தப்பாகப் படைக்கிறாள், பிள்ளை உயிரோடுதான் இருக்கிறது என்று ஒரு கட்சி. படைக்கிறவளுக்குத் தெரியாதா, செத்த பிள்ளைதான் நம் தெருவில் பல்லாங்குழி ஆடுகிறது என்று ஒரு கட்சி. சிலம்பை ரேஷன் கடைத் தராசில் ஏற்றி நிறுத்தார்கள். முள் நன்றாகவே சாய்ந்தது.

"பேய்க்கு எடை இருக்காதுவே."

"சாப்பிட்ட பேய்க்கு இருக்கும்" என்றார் பிறவிப்பெருமாள்.

அவருக்கு வேறொரு சந்தேகமும் சேர்ந்து வந்துவிட்டது. அவர் அப்பா, இவர் கைக்குழந்தையாக இருந்தபோது கொழும்புக்குப் போய்த் திரும்பாதவர். அமாவாசை தவறாமல் அவருக்குப் பூசணிக்காய்க் கூட்டு வைத்துப் படைக்கிறவர் பிறவிப்பெருமாள். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கே படையல் போய்ச் சேருமென்றால், அந்த மனுஷன் இன்னும் எங்கேயாவது இன்னொரு குடும்பத்தோடு உட்கார்ந்து, மாதாமாதம் என் பூசணிக்காயைத் தின்று ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தால்? அடுத்த அமாவாசைக்குக் கூட்டில் உப்பை அள்ளிப் போட்டார். இருந்தால் இருமட்டும் என்று. இதைப் பார்த்துவிட்டு ஆளாளுக்குத் தங்கள் தங்கள் செத்தவர்கள்மேல் சந்தேகப்பட ஆரம்பித்தார்கள்.

ஒன்றில் மட்டும் இரண்டு கட்சியும் ஒற்றுமை. வெளியே மூச்சு விடக்கூடாது. படையல் தின்கிற பிள்ளை இருக்கிற தெருவில் யார் பெண் எடுப்பார்கள்? உமையாள்மேல் போட்ட தடையை மெதுவாக எடுத்துவிட்டார்கள். சுண்டல் வந்தது. அமாவாசைக்கு அமாவாசை, இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்டுவிட்டுப் போக ஒவ்வொருத்தியாக வந்தாள். கேட்டுவிட்டு மூக்கைப் பொத்திக்கொள்வாள். பொத்துவதற்கு முன்னால் ஒரு மூச்சு இழுத்துக்கொள்வாள்.

ஆனி மாதம் ஜெபரத்தினம் மேடம் வந்து ஒரு நல்ல செய்தி சொன்னார். "இவ்வளவு நாள் தேடியும் யாரும் வரலை. ஆடி கழிஞ்சதும் குழு உக்காந்து, இவளுக்கு யாரும் இல்லைன்னு முடிவு பண்ணிடும். அதுக்கப்புறம் தத்து கேக்கலாம். உங்க பேரை நான் சொல்லுவேன்."

ஆடி கழிந்தால் போதும். உமையாள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அவள் வாய் திறக்கிற பெண்ணும் இல்லை.

ஆடி அமாவாசையன்று தெருவில் எல்லாரும் ஆற்றுக்குப் போயிருந்தார்கள். வீட்டில் உமையாளும் சிலம்பும் மட்டும். உச்சிப்பொழுதில் சிலம்பு மென்றாள், விழுங்கினாள், ஏப்பம் விட்டாள், பிறகு வீல் என்று அலறினாள். உமையாள் அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள். போட்டிருந்த சட்டைக்கு மேலே இன்னொரு சட்டை. ரோஜா நிறத்தில், கைக்குச் சரிகை வைத்து, காலரில் மஞ்சள் தடவிய புதுச்சட்டை பிள்ளையின் நெஞ்சை இறுக்கிப் பிடித்திருந்தது. இரண்டு கையும் தோளோடு கட்டிப்போட்டதுபோல மேலே தூக்கி நின்றன. மூச்சு வரவில்லை. உமையாள் கத்தரிக்கோலை எடுத்துப் பக்கவாட்டில் கிழித்து எடுத்தாள். தோலில் தையல் அச்சு சிவப்பாகப் பதிந்திருந்தது.

பிள்ளை மூச்சு வாங்கி, அழுது, ஓய்ந்து, தூங்கிப்போன பிறகு சட்டையை விரித்துப் பார்த்தாள். செத்துப்போனவர்களுக்கு வருஷத்துக்கு ஒருமுறை புதுத்துணி வைத்துப் படைக்கிற வழக்கம் எங்கள் பக்கமும் உண்டு. ஆனால் இது நாலரை வயதுப் பிள்ளைக்குத் தைத்தது. சிலம்புக்கு ஆறு முடிந்து ஏழு நடக்கிறது. அந்த வீட்டுக்கு வந்த எட்டு மாதத்தில் இரண்டு தடவை பாவாடை விளிம்பைப் பிரித்து இறக்கித் தைத்தவள் உமையாள். அங்கே ஒருத்தி, போனபோது இருந்த அளவை மனதில் வைத்துக்கொண்டு, வருஷா வருஷம் அதே அளவுக்குத் தைக்கக் கொடுக்கிறாள். அவளுக்குப் பிள்ளை வளரவே இல்லை. செத்த பிள்ளை வளராது. அடுத்த ஆடிக்கும் இதே அளவில் ஒரு சட்டை வரும்.

காலர் உள்பக்கத்தில் ஒரு துண்டுத் துணி வைத்துத் தைத்திருந்தது. ஜெயம் டெய்லர், நாணல்திட்டு.

உமையாள் அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்து, முந்தானையில் முடிந்துகொண்டாள். சட்டைக்குப் பக்கத்தில் வேறு துணி கொடுத்துத் தைத்துப் பெரிசாக்கிவிடலாம் என்று பார்த்தாள். கடைக்குப் போய் அதே ரோஜா நிறம் வாங்கிவந்தாள். தைத்தாள், பிரித்தாள். நிறம் ஒத்துவந்தது, அளவும் ஒத்துவந்தது, ஆனால் சிலம்பு போட மாட்டேன் என்றாள். "இது வேற பாப்பாவோடது அத்தை."

ஆடி கழிய மூன்று நாள் இருக்கும்போது உமையாள் தானாகப் பஸ் ஏறி ஜெபரத்தினம் மேடத்தின் அலுவலகத்துக்குப் போனாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து மேஜைமேல் வைத்தாள்.

"கால் லிட்டர் கருவாடு வந்த ஊரு" என்றாள்.

நாணல்திட்டு கொள்ளிடக் கரையில் இருந்தது. அங்கே அரைவை மில்லில் மூட்டை தூக்குகிற பக்கிரிசாமி, அவன் மனைவி காத்தாயி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆடிப்பெருக்கு நாளில் கோயில் படித்துறைக் கூட்டத்தில் பிள்ளையைத் தவறவிட்டுவிட்டு, படியில் அதன் ஒற்றைச் செருப்பைக் கண்டு, ஆறு கொண்டுபோய்விட்டது என்று மூன்று நாள் தண்ணீரைத் துழாவிவிட்டுக் காரியம் செய்துவிட்டார்கள். ஆறு கொண்டுபோன பிள்ளைக்குப் போலீசில் யார் புகார் கொடுப்பார்கள்? மேடம் போய் விசாரித்தார், ரத்தம் எடுத்தார், பரிசோதனைக்கு அனுப்பினார், முடிவு வந்தது, குழு உத்தரவு போட்டது. இதெல்லாம் முடிய ஐப்பசி ஆயிற்று. இத்தனை நாளில் காத்தாயி ரத்தம் கொடுத்தாளே தவிர ஒரு தடவையும் பிள்ளையைப் பார்க்க வரவில்லை. அமாவாசைச் சாப்பாடும் நிற்கவில்லை.

"பெத்தவன்னா ஓடி வரமாட்டாளா?" என்று உமையாள் என்னிடம் கேட்டாள். அவள் கண்ணில் ஒரு சின்ன நப்பாசை எரிந்ததை நான் பார்த்தேன்.

ஜீப்பில் மேடம், உமையாள், தெய்வநாயகம், சிலம்பு. தெருவின் சார்பில் சாட்சி என்று பிறவிப்பெருமாள் ஏறிக்கொண்டார். பிறவிப்பெருமாளை நம்ப முடியாது என்று நானும் ஏறிக்கொண்டேன்.

நாணல்திட்டு எங்களை ஊர் எல்லையிலேயே நிறுத்திவிட்டது. ஆணும் பெண்ணுமாக வழியை அடைத்து நின்றார்கள். எங்கள் தெருவில் பாதிப் பேர் என்ன நினைத்தார்களோ அதையேதான் இந்த ஊர் முழுக்க நினைத்தது என்று பார்த்தவுடனே தெரிந்தது. கோயில் பூசாரி சாமிக்கண்ணு முன்னால் வந்தார்.

மேடம் காகிதத்தை நீட்டினார். "பரிசோதனை முடிவு. இவங்க பிள்ளைதான்."

"காயிதம் சொல்லுது. காக்கா சொல்லலையே" என்றார் பூசாரி. "ரெண்டு வருசமா இவ வெச்ச எலையை ஒரு காக்காகூடத் தொடலைங்க. ஆத்மா கோவத்துல இருக்குதுன்னுதானே மாசாமாசம் கூட ரெண்டு பதார்த்தம் வெச்சோம்."

"நான் சாப்பிட்டா காக்கா எப்படி சாப்பிடும்?" என்றது ஜீப்புக்குள்ளிருந்து ஒரு குரல்.

கூட்டம் ஓர் அடி பின்னால் போனது. ஒருத்தி மட்டும் போகவில்லை. ஒல்லியாக, எண்ணெய் காணாத தலையோடு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். காத்தாயி. சிலம்பை இறக்கிவிட்டதும் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"என் புள்ள இத்தன ஒசரம் இல்ல" என்றாள்.

சிலம்பு உமையாளின் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

காத்தாயி தள்ளி நின்றபடியே கேட்டாள். "ஆடி அமாவாசைக்கு நான் என்ன வெச்சேன்?"

"எறா வடை. முட்டை. கருவாட்டுக் கொழம்பு. தேன்மிட்டாய். அப்புறம் சட்டை. சட்டை ரொம்ப இறுக்கம்."

காத்தாயி கட்டியிருந்த கையை அவிழ்த்தாள். அவள் ஒரு காலை எடுத்து முன்னால் வைப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு கிழவர் சொன்னார். "இதெல்லாம் பேய்க்குத்தான்டி நல்லாத் தெரியும். தின்னது அதுதானே."

காத்தாயியின் கால் நின்றுவிட்டது. நியாயம்தானே. என்ன அத்தாட்சி சொன்னாலும் அது எதிர்க்கட்சிக்கும் அத்தாட்சியாகிவிடுகிறது. பிறவிப்பெருமாள் என் காதில், "நான் அன்னைக்கே சொன்னேன்" என்றார். நாங்கள் திரும்பிவிடலாம் போலத்தான் இருந்தது. உமையாள் பிள்ளை கையைப் பிடித்து ஜீப்பில் ஏற்றியிருந்தால் அங்கே ஒருவரும் தடுத்திருக்கமாட்டார்கள். அவளும் ஜீப்பைப் பார்த்தாள். எனக்கு நன்றாகத் தெரியும், பார்த்தாள்.

அப்புறம் அவளுக்குக் கோபம் வந்தது.

"பேயாம். மாசம் ஒருநாள் நீங்க போட்டீங்க. மத்த நாளெல்லாம் யாரு போட்டா? பாவக்காயை எனக்குத் தெரியாம ஜன்னல் வழியா எறியுதே, அது பேயா? படுக்கையை நனைச்சுட்டு, நான் இல்லை பூனைன்னு சொல்லுதே, அது பேயா? இந்தாம்மா, இங்க வா. உன்னைத்தான். பேய்க்குப் பல்லு விழுமா? விழுந்தா முளைக்குமா? ஏட்டி, வாயைத் திற."

சிலம்பு வாயைத் திறந்தாள். முன்பல் இரண்டு இல்லை. காத்தாயி மெதுவாக வந்தாள். குனிந்து, ஆள்காட்டி விரலை, கொதிக்கிற பாலைத் தொட்டுப் பார்ப்பவள்போல, அந்த இடைவெளிக்குள் வைத்தாள். ஈறைக் கிழித்துக்கொண்டு அரிசி நுனி மாதிரி ஏதோ ஒன்று விரலில் நெருடியிருக்க வேண்டும். அவள் எடுக்கவில்லை. வைத்துக்கொண்டே நின்றாள். சிலம்புக்குப் பொறுமை போய்க் கடித்துவிட்டாள்.

"வளந்துட்டா" என்றாள் காத்தாயி. யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. விரலில் ரத்தம் வந்தது. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

ஊரும் ஒருவழியாகப் பிள்ளை உயிருள்ளது என்று ஒப்புக்கொண்டது. ஆனாலும் பூசாரி வழி விடவில்லை. "காரியம் முடிஞ்ச புள்ள. எமன் கணக்குல செத்தது. நேரா வூட்டுப் படி ஏத்தினா அவனுக்குத் தெரிஞ்சுபோகும். தவிட்டுக்கு வாங்கி ஏத்துங்க."

பிள்ளை தங்காத வீட்டில் செய்கிற வழக்கம் இது. பெற்ற பிள்ளையை வேறொருத்தி பிள்ளையென்று சொல்லி, அவளுக்குத் தவிட்டை விலையாகக் கொடுத்து வாங்கிவிட்டால், இது வேறு பிள்ளை, மலிவான பிள்ளை என்று எமன் ஏமாந்துபோவான். தவிட்டுப் பிள்ளை எங்கள் பக்கமும் உண்டு.

மேடம் திரும்பிக்கொண்டார். "குழந்தைக்கு விலை பேசுறதை நான் பார்த்தா கேஸ் போட்டாகணும். நான் பார்க்கலை. டயர்ல காத்து இருக்கான்னு பார்க்கப் போறேன்." ஜீப்புக்கு அந்தப் பக்கம் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

முச்சந்தியில் உமையாளை நிறுத்தினார்கள். சிலம்பை அவள் இடுப்பில் ஏற்றினார்கள். கால் தரையைத் தொடுகிற பிள்ளை. எதிரே காத்தாயி ஒரு சொளகில், முறத்தைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம், தவிடு ஏந்தி நின்றாள். பூசாரி கேட்டார்: "இது யாரு புள்ள?"

உமையாள் பிள்ளையை இடுப்பில் இன்னும் மேலே ஏற்றிக்கொண்டாள்.

"யாரு புள்ளம்மா? சொன்னாத்தான் விக்கலாம்."

தெய்வநாயகம் தலையைத் திருப்பிக்கொண்டான். உமையாள் சொன்னாள், கொள்ளிடத்தின் அக்கரைக்குக் கேட்கும்படி. "என் பிள்ளை. நான் பெத்த பிள்ளை."

"தவிட்டுக்குத் தர்றியா?" என்றார் பூசாரி.

உமையாள் சொளகை எட்டிப் பார்த்தாள். "இவ்வளவுதானா?"

கூட்டத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வழக்கத்துக்கு ஒரு சொளகு போதும். காத்தாயி ஓடிப்போய் இன்னொரு சொளகு கொண்டுவந்தாள். "நாய்க்குட்டிக்கே இதைவிடக் கூடத் தருவாவ" என்றாள் உமையாள். மூன்றாவது வந்தது. "என் பிள்ளை ரெண்டாம் வாய்ப்பாடு சொல்லுவா. அதுக்கு?" பக்கிரிசாமி மில்லுக்கு ஓடினான். மரக்கால் மரக்காலாகக் கொட்ட ஒரு சாக்கு விரித்தார்கள். "தலையில ஒரு பேன் கிடையாது. அதுக்கு?" இடுப்பு ஒருபக்கம் சாய்ந்து, கை மரத்து, முகம் வேர்த்து, உமையாள் பிள்ளையை இறக்காமல் விலையை ஏற்றிக்கொண்டே போனாள்.

"இவ குடுக்கமாட்டா. பேரம் பேசிட்டே ஜீப்புல ஏறிடுவா" என்று ஊர் முணுமுணுத்தது. இளவட்டங்கள் நாலு பேர் போய் ஜீப்பை மறித்து நின்றார்கள். டயர் பார்த்துக்கொண்டிருந்த மேடமும் இப்போது டயருக்கு மேலாக எட்டிப் பார்த்தார். காத்தாயி மட்டும் சந்தேகப்படவில்லை. அக்கம்பக்கத்து வீட்டுப் பானையெல்லாம் கவிழ்த்து, சளைக்காமல் கொண்டுவந்து கொட்டினாள். ஒவ்வொரு தடவையும் கொட்டிவிட்டு, உமையாள் அடுத்து என்ன சொல்லுவாள் என்று வாயைப் பார்த்து நின்றாள். பிள்ளையைப் பற்றிய ஒவ்வொரு சங்கதியும் அவளுக்குப் புதிசு. விலை ஏற ஏறத்தானே அவளுக்கும் பிள்ளை தெரிகிறது.

"கறுப்பு ரிப்பன்னா போட்டுக்கமாட்டா."

"சரிக்கா" என்று இன்னொரு மரக்கால்.

"இடி இடிச்சா காதைப் பொத்திவிடணும். ரெண்டு காதையும்."

"சரிக்கா."

சிலம்புக்கு விளையாட்டு பிடித்துவிட்டது. "இன்னும் கேளுங்க அத்தை" என்றாள்.

சாக்கு நிறைந்தது. அந்த ஊரில் அன்றைக்கு இனிமேல் தவிடு இல்லை என்று பூசாரி கையை விரித்தார். உமையாள் சாக்கைப் பார்த்தாள். காத்தாயி தலைமுதல் கால்வரை தவிடு படிந்து நிற்பதைப் பார்த்தாள். மெதுவாக இடுப்பிலிருந்து பிள்ளையை இறக்கிக் காத்தாயியின் கையில் வைத்தாள். வாங்கியவள் அந்த எடையை எதிர்பார்க்கவில்லை. தடுமாறி, சமாளித்து, இறுக்கிக்கொண்டு, திரும்பிப் பாராமல் வீட்டைப் பார்த்து நடந்தாள். திரும்பிப் பார்க்கக்கூடாது என்பதும் வழக்கம். அவள் தோளுக்கு மேலாகப் பிள்ளை பார்த்துக்கொண்டே போயிற்று. பிள்ளைக்கு அந்த வழக்கம் யாரும் சொல்லவில்லை.

"அந்தத் தவிட்டை விட்டுட்டு வா, போலாம். நம்ம வீட்டுல மாடுகூட இல்லையே" என்றான் தெய்வநாயகம்.

உமையாள் சாக்கின் வாயைத் தானே கட்டி, தானே இழுத்து, ஜீப்பில் ஏற்றினாள். வருகிற வழியெல்லாம் அதன்மேல் கை வைத்துக்கொண்டு வந்தாள். மேடம் மாதம் ஒருமுறை பார்த்துவர ஏற்பாடு செய்கிறேன் என்றார். அப்படியே செய்தும் கொடுத்தார். பிறவிப்பெருமாள் மட்டும், அந்தச் சாக்கில் தவிடுதான் இருக்கிறதா என்று திருச்சி தாண்டுகிறவரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்.

நீங்களும் அவர் ஜாதிதான், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. நம்ப வேண்டாம். சிந்தாமணிக்குறிச்சிக்கு வாருங்கள். நெய்க்கடை தெய்வநாயகம் வீட்டு நடுக்கூடத்தில், சுவரோரமாக அந்தச் சாக்கு கிடக்கிறது. வண்டு விழுந்துவிட்டது, வாடை அடிக்கிறது, அவன் எத்தனையோ தடவை தூக்கிப் போடப் பார்த்துவிட்டான். எங்கள் வீட்டு மாட்டுக்கு என்று சொல்லி ஒரே ஒரு பிடி கேட்டுப் பாருங்கள். உமையாள் உங்களை ஒரு பார்வை பார்ப்பாள். அதற்கப்புறம், அவள் பெற்றவளா இல்லையா என்று என்னிடம் வந்து கேளுங்கள்.